வீட்டுப் புற்றரையும் களைநீக்கமும்

சங்க இலக்கியத்தின் மருத நிலத்தில் உழத்தியர் களையாகப் பறித்தெறிந்த செடிகள் எவை? ஆம்பலும் நெய்தலும் குவளையும். கூந்தலிற் சூடுவதற்கும் கண்ணுக்கு உவமை சொல்வதற்கும் புலவர்க்குப் பயன்பட்ட மலர்களே நெல்வயலில் தலைகாட்டியபோது களை என்று பெயர் பெற்றன. எந்தச் செடியும் பிறப்பினால் களையாவதில்லை. அது முளைத்த இடமும், அந்த இடத்தை நாம் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதும் சேர்ந்தே அதைக் களையாக்குகின்றன. பினாங்கில் வீட்டு முற்றத்துப் புற்றரையைப் பேணுவோர், களைக்கொல்லி வாங்கக் கடைக்குப் புறப்படுமுன் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.

சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ‘திருவிழா களைகட்டியது’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அங்கே களை என்பது பொலிவு. திருக்குறளில் வரும் களைகட்டல் வேறு. ‘கள்’ என்னும் வினையடிக்குப் பறித்தல் என்பது பொருள். ஆகவே களைகட்டல் என்பது களை பறித்தல். மாணவர் இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவதை ஆசிரியர்கள் அறிவர். இதனினும் பெரியதொரு மயக்கம் நம் அன்றாடப் பேச்சில் இருக்கிறது. களைக்கொல்லி தெளிப்பதை நாம் ‘மருந்தடித்தல்’ என்கிறோம். மலாய்க்காரர் அதே பொருளை ‘ராச்சுன் ரும்புட்’ என்பர். புல்லுக்கு இடும் நஞ்சு என்பது அதன் நேர்ப்பொருள். எது உண்மையான பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருந்து என்ற சொல் நாவில் இருக்கும்வரை, நோய்க்கு மருந்து வாங்குவது போலவே களைக்குப் புட்டி வாங்கத் தோன்றும்; செடி எது, அது ஏன் அங்கே வந்தது என்னும் கேள்விகள் பின்னுக்குப் போய்விடும்.

இவ்வழக்கு தமிழகத்திலும் உண்டு. ஆனால் மலாயாத் தோட்டங்களில் நம்மவர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. இரப்பர்த் தோட்டங்களின் தொடக்கக் காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இல்லாதபடி மண்ணைத் துடைத்து வைத்தலே நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று துரைமார் கருதினர். அதற்காக ஆண்டு முழுவதும் சாங்குல் பிடித்தவர் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். மூடாத மண்ணில் வெப்பமண்டலத்து மழை விழுந்தால் என்ன ஆகும்? சரிவுகளில் மேல்மண் கரைந்து ஓடிற்று. அதன் பின்னரே பயறினக் கொடிகளை மரங்களுக்கிடையே பரப்பி, நிலத்தை மூடிவைக்கும் முறை வந்தது. அக்கொடிகள் மண்ணுக்கு உரமாயின. களையை நிழலால் அடக்கின. இந்தப் படிப்பினையை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வீட்டுப் புற்றரைக்கும் இதுவே அடிப்படை.

ஆயினும் லாலான் புல் மட்டும் எளிதில் அடங்கவில்லை. தருப்பையின் இனமாகிய அப்புல்லைச் சில ஊர்களில் தருப்பை என்றே வழங்குவர். அதனைக் கொல்ல ஆர்சனிக்கு நஞ்சைக் கரைத்துத் தெளித்தனர். அதைத் தொட்ட மாடுகளும் மனிதரும் துன்புற்றனர். 1962-ஆம் ஆண்டில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது. கிரமாக்சோன் என்ற வணிகப் பெயரில் தோட்டப்புறத்தார் அதனை நன்கறிவர். ஒரு வாய் உள்ளே போனால் நுரையீரலை மெல்ல மெல்ல இறுகச் செய்து உயிரைக் குடிக்கும்; முறிமருந்து கிடையாது. இதனை முதுகில் சுமந்து தெளித்தவரில் பெரும்பகுதியினர் பெண்கள். 2002-ஆம் ஆண்டில் தெனகானித்தா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து தோட்டத் தெளிப்பாளரின் உடல்நிலையை ஆராய்ந்து நூலாக வெளியிட்டன. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் முதலியோர் விடாது குரல் கொடுத்து வந்தனர். 2020 சனவரி முதல் நாளில்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே பதினேழு ஆண்டுகளுக்கு மேல். எவர் வீட்டுக் கொட்டகையிலாவது பழைய புட்டி இருந்தால் அதனைத் திறக்கவும் வேண்டா. குளிர்பான புட்டியில் ஊற்றி வைக்கவும் வேண்டா. பல உயிர்கள் இந்த இரண்டாவது வழக்கத்தினால் போயின.

இனி முற்றத்துக்கு வருவோம்.

பினாங்குத் தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் வறண்டிருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை மிகும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து களையை உறங்க வைக்கும். இங்கே அப்படியொரு காலம் இல்லை. ஆதலின் மேனாட்டுத் தோட்ட நூல்கள் கூறும் ‘இளவேனில் தெளிப்பு, இலையுதிர்காலத் தெளிப்பு’ என்பன நமக்குப் பொருந்தா. விதை எப்போது மண்ணில் விழுந்தாலும், ஒளி கிடைத்தால், முளைக்கும்.

இங்குள்ள வீட்டுப் புற்றரைகளில் பெரும்பான்மை அகன்ற இலையுள்ள மாட்டுப்புல். மலாயில் ‘ரும்புட் பாரிட்’ என்பர். தென்னமெரிக்க வழி வந்தது. தரையோடு ஓடும் தண்டுகளால் பரவும். புளித்த மண்ணையும் ஓரளவு நிழலையும் பொறுத்துக்கொள்ளும். செல்வர் வீடுகளில் நுண்ணிய இலையுள்ள மணிலாப்புல்லும் உண்டு. அது வெயிலை விரும்பும், மெல்லப் பரவும், ஆகவே களைக்கு அதிக இடம் கொடுக்கும். பாடாங் திடலையோ, தண்ணீர்மலைப் பக்கத்தில் 1884-இல் அமைந்த தாவரத் தோட்டத்தையோ எட்ட நின்று பார்த்தால் ஒரே பச்சை விரிப்பாகத் தோன்றும். குனிந்து பார்ப்பவருக்கு அதில் எத்தனை இனம் கலந்திருக்கிறது என்பது புலப்படும். ஒரே இனப் புல்லாலான புற்றரை என்பது பந்தாட்டக் குழுவினரின் தேவை. குடும்பத்துக்கு வேண்டியது நிலம் மூடியிருத்தலும் நடக்கும் காலில் முள் தைக்காமையுமே.

முள் என்றவுடன் தொட்டாற்சுருங்கி நினைவுக்கு வரும். இதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததே. இதன் வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தித் தருகின்றன. புல் பசித்திருக்கும் மெலிந்த மண்ணில் இச்செடி மட்டும் செழித்திருப்பதன் காரணம் இதுவே. முற்றம் முழுவதும் தொட்டாற்சுருங்கி என்றால், மண்ணில் உரம் இல்லை என்று அச்செடியே சொல்கிறது. அதனை மழை பெய்த மறுநாள், கையுறை அணிந்து, வேருடன் நெம்பி எடுக்கலாம். பூப்பதற்கு முன் எடுப்பது முக்கியம். அதன் விதை கடினமான தோலுடையது, மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்க வல்லது. எடுத்த கையோடு மக்கிய எரு இட்டுப் புல்லைத் தூண்டினால்தான் அந்த இடம் நிரம்பும். எரு இடாமல் செடியை மட்டும் எடுப்பவர் ஆண்டுதோறும் அதே இடத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்.

கோரை வேறு வகைப் பகை. அது புல்லே அன்று. தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்பு தென்படும். 1977-இல் உலகின் மிகக் கொடிய களைகளைத் தொகுத்த தாவர அறிஞர்கள் இதற்கே முதலிடம் கொடுத்தனர். மண்ணுக்குள் மெல்லிய இழைகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட கிழங்குகள் இதன் வலிமை. இலையைப் பிடித்து இழுத்தால் இழை அறும். கிழங்கு உள்ளே தங்கும். தங்கிய கிழங்கு தனிச்செடியாகும். சாங்குலால் கொத்திக் கிளறுவது அதனினும் தீது. ஒரு குடும்பத்தைப் பல குடும்பமாகப் பிரித்து வைத்ததாகும். புல் முழுவதையும் கொல்லும் களைக்கொல்லிகூட உறங்கும் கிழங்குகளை எட்டுவதில்லை. அப்படியானால் என் செய்வது? சிறு இடமாயின் ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைச் சலித்து, கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட வேண்டும். பெரிய இடமாயின் முளைத்த செடி புதுக் கிழங்கு வைக்குமுன் அதனை எடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களில் புதுக் கிழங்கு தோன்றத் தொடங்கும். எனவே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை தளராமல் பறித்துவந்தால் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவிட்டு ஓய்ந்துபோகும். சில நாடுகளில் கோரையை மட்டும் தாக்கிப் புல்லை விட்டுவிடும் ஆலோசல்ஃபியூரான் போன்ற களைக்கொல்லிகளைப் புற்றரைக்குப் பயன்படுத்துகின்றனர். அவற்றுக்கும் ஒரு தெளிப்புப் போதாது. கோரை பெரும்பாலும் நம் வீட்டில் பிறப்பதில்லை, விலைக்கு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். லாரியில் வாங்கிக் கொட்டிய மேல்மண்ணிலும் வெட்டிவந்த புற்பலகையிலும் கிழங்கு மறைந்து வரும். கொட்டுமுன் ஒரு கைப்பிடி மண்ணைக் கிளறிப் பார்ப்பது பின்னர் ஓராண்டு உழைப்பை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது, கேழ்வரகின் உறவான புல். எலூசின் இண்டிக்கா என்பது அறிவியற் பெயர். மலாயில் ‘ரும்புட் சம்பாவ்’. கேழ்வரகுக் கதிரைக் கண்டவர் இதன் விரல் விரித்த கதிரைக் கண்டதும் இனம் கண்டுகொள்வர். வெளிறிய தண்டுகள் தரையோடு படிந்து சக்கரம்போல் விரியும். கையால் பிடுங்கினால் எளிதில் வராது. கார் நிறுத்தும் ஓரம், குழந்தைகள் ஓடும் தடம், வாயிற்படிக்கு முன் என்று மண் இறுகிய இடமெல்லாம் இதன் இடம். மாட்டுப்புல்லின் வேர் அங்கே மூச்சுவிட முடியாமல் ஒதுங்க, இது வந்து அமர்கிறது.

இப்புல்லைப் பற்றி மலேசியாவில் நிகழ்ந்த ஒரு செய்தியை விரிவாகச் சொல்ல வேண்டும். கிளைஃபோசேட் என்னும் களைக்கொல்லி 1974-இல் விற்பனைக்கு வந்தது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்ள ஒரு நொதி வேண்டும். கிளைஃபோசேட் அந்த நொதியின் செயலைத் தடுக்கிறது. செடி உணவின்றி வாடுவதுபோல் மஞ்சளாகி இறக்கிறது. பச்சையான எதையும் கொல்லும் ஆற்றலுடையது. ஆண்டுக்குப் பல முறை அதையே தெளித்த தோட்டங்களில், 1997-ஆம் ஆண்டில், சம்பாவ் புல் மட்டும் சாகாமல் நின்றது மலேசியாவில் கண்டறியப்பட்டது. பின்னர் ஆராய்ந்தோர், அந்நொதியின் ஓரிடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருந்ததால் களைக்கொல்லி அதனைப் பற்ற முடியாமற் போனதைக் கண்டனர். 2015-இல் இன்னொரு செய்தி வெளிவந்தது: மலேசியப் புற்களில் சில, இரண்டு மாற்றங்களை ஒருங்கே பெற்று, முன்னினும் பன்மடங்கு எதிர்ப்பாற்றல் கொண்டுவிட்டன. தெளிப்பு எந்தப் புல்லுக்கும் எதிர்ப்பைக் கற்பிப்பதில்லை. இயல்பாகவே மாறிப் பிறந்த அருகிய சில செடிகளை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றையெல்லாம் அகற்றி, அவற்றுக்கு முழு நிலத்தையும் வழங்கிவிடுகிறது.

இதிலிருந்து வீட்டுக்காரர் அறிய வேண்டியது என்ன? மாட்டுப்புல் தரையில் களை மிகுந்துவிட்டது என்று கிளைஃபோசேட்டைப் பரக்கத் தெளித்தால் மாட்டுப்புல்லும் சாகும். பத்து நாளில் பழுப்பு நிறம். பின்னர் வெற்று மண். கிளைஃபோசேட் மண்ணில் ஒட்டிக்கொள்வது. மண்ணிலுள்ள விதையை அது தடுக்காது. ஒளி பட்டவுடன் முதலில் எழுவது சம்பாவ் விதை. ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்த்திருக்கும். தெளித்தவர் மறுபடியும் தெளிப்பார். அன்று தோட்டத்துரைமார் சாங்குலால் உண்டாக்கிய வெற்று நிலத்தை இன்று நாம் புட்டியால் உண்டாக்குகிறோம், வேறுபாடு அவ்வளவுதான். சம்பாவுக்கு மாற்று, மண்ணின் இறுக்கத்தைத் தளர்த்துதல். மழைக்குப் பின் முள்கரண்டியை நான்கு விரற்கடை ஆழம் குத்தி அசைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்து மெல்லத் தூவி, மாட்டுப்புல்லின் ஓடுதண்டுகளை ஒரு சாணுக்கு ஒன்றாக ஊன்றினால் சில வாரங்களில் மூடிவிடும். புதிய குடியிருப்புகளில் வீடு கட்டியவர் செம்மண்ணை நிரப்பி, உருளையால் அழுத்தி, அதன்மேல் மெல்லியதாகப் புல் ஒட்டித் தருவர். அத்தகைய முற்றத்தில் இவ்வேலையை முதல் ஆண்டிலேயே செய்துவிடுவது நல்லது.

புல்லை வெட்டும் உயரம் பற்றி ஒரு சொல். மாட்டுப்புல்லை இரண்டு அங்குல அளவில் விட்டு வெட்ட வேண்டும். அடிக்கடி கூலிக்கு ஆள் அழைக்க வேண்டாமே என்று தரை தெரிய மழித்துவிடுபவர் மிகப் பலர். மழித்த புல்லின் வேர் குறுகும்; மண்ணில் வெயில் படும்; வெட்டுக்கத்திக்குக் கீழே படுத்துக்கிடக்கும் தொட்டாற்சுருங்கிக்கும் அம்மான்பச்சரிசிக்கும் அது திருநாள். உயர்த்தி வெட்டுவதற்குச் செலவே இல்லை. ஆயினும் இவ்வளவு பயன் தரும் வேறொன்றை நான் கண்டதில்லை. வெட்டிய புல்லில் விதைக்கதிர் இல்லையெனில் அங்கேயே விட்டுவிடலாம், அதுவே உரம்.

இவ்வளவுக்குப் பின்னும் களைக்கொல்லி தேவைப்படுமாயின், இனமறிந்து தேர்ந்துகொள்க. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லினத்தை விட்டுவிடுவது 2,4-டி. செடியின் வளர்ச்சியூக்கியைப் போல் நடித்து, தாறுமாறாக வளரச்செய்து கொல்வது இது. தொட்டாற்சுருங்கி போன்ற அகலிலைச் செடிகளுக்கு உதவும். சம்பாவுக்கும் கோரைக்கும் உதவாது. கடைக்காரர் ‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ என்று சொன்னால் நம்பற்க. இதன் எஸ்டர் வகை, வெயிலில் ஆவியாகிப் பக்கத்து வீட்டு மிளகாயையும் பப்பாளியையும் சுருட்டிவிடும்; அமைன் வகை அவ்வளவு பறப்பதில்லை. இதற்குப் பயன்படுத்திய தெளிப்பானைக் காய்கறித் தோட்டத்துக்கு எடுக்கலாகாது. கிளைஃபோசேட்டைப் புற்றரையில் தெளிப்பதினும், தனிச்செடிமேல் தூரிகையால் தடவுவது போதும். தெளித்தாலும் தடவினாலும் ஆறு மணி நேரமாவது மழை கூடாது. பினாங்கின் பிற்பகல்களைப் பார்த்தவர் காலையில்தான் தொடங்குவர். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனம் 2015-இல் கிளைஃபோசேட்டை மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்னும் வகையில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் காப்பு முகமை அதனை ஏற்கவில்லை. அறிஞர் வழக்கு தீரும்வரை குழந்தை தவழும் முற்றத்தில் பயன்படுத்தாமை என் துணிபு.

மலேசியாவில் களைக்கொல்லிகளையும் உள்ளடக்கியது 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். பதிவெண் இல்லாத புட்டியை வாங்கலாகாது. முகப்பின் அடியிலுள்ள வண்ணப்பட்டை நச்சின் அளவைக் காட்டும்: கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை, அடுத்து மஞ்சள், நீலம், வெள்ளை. வீட்டுக்கு நீலத்தைத் தாண்டி மேலே போக வேண்டிய தேவையில்லை. உப்புக் கரைத்து ஊற்றுவது, காடி ஊற்றுவது என்னும் கைவைத்தியங்களும் வழங்குகின்றன. உப்பு களையைக் கொல்லும். பின் மண்ணையும் கொல்லும். காடி இலையைக் கருக்கும். வேர் மறுபடி துளிர்க்கும். கொதிநீர், முற்றத்துக் கல்லிடுக்கில் முளைப்பதற்கு நல்லது, புற்றரைக்கு அன்று.

இன்னும் ஒரு வகைச் செடிகள் உள்ளன. ஈரமான மூலையில் வல்லாரை படர்ந்திருக்கும்; மலாய்க்காரர் பெகாகா என்று பச்சையாக உண்பர், நாம் துவையல் அரைப்போம். வேலியோரத்தில் கீழாநெல்லி நிற்கும். மஞ்சட்காமாலைக்கு என்று பாட்டிமார் தேடுவது அது. வெயில் நன்கு படும் இடத்தில் அறுகு ஓடும். மாட்டுப்புல் தரைக்கு அறுகும் களையே. ஆனால் விநாயகர் சதுர்த்திக்கு முன்னாள் மாலை, பிள்ளையை அழைத்துக்கொண்டு வேலியோரம் அறுகு தேடி வருவோரை நம் குடியிருப்புகளில் காணலாம். சிலர் அதனை அரைத்துச் சாறு பருகவும் பறிப்பர். எந்த முற்றத்தில் எந்நாள் தெளித்தார்கள் என்பது பறிப்பவருக்குத் தெரியாது. தெளித்த இலை முதல் சில நாள் பசுமையாகவே நிற்கும். தெளிப்பவர் ஒரு அட்டையில் நாளை எழுதி, ‘நஞ்சு தெளித்துள்ளது, பறிக்க வேண்டா’ என்று தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வேலியில் கட்டிவைக்கலாம். அங்கே ‘மருந்து’ என்று எழுதிவிடாதீர்கள்.